ஆடலாசான் வயலின்: ‘பொஷெத்’ என்பதற்குத் தமிழ்

பிரெஞ்சில் ‘போஷ்’ என்றால் பை. ‘பொஷெத்’ அதன் குறுமை வடிவம். 16ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பிய நடன ஆசிரியர்கள் மாணவர் வீடுகளுக்குக் கொண்டுசென்ற ஒடுங்கிய சிறு வயலினுக்கு அது பெயராக நிலைத்தது. ஆங்கிலேயர் இதைக் ‘கிட்’ என்றனர். அதைப் பார்த்துக் ‘கருவித் தொகுப்பு’ என்று பெயர்ப்போரைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

என் சண்டை, இதைச் ‘சட்டைப்பை வயலின்’ என்று பெயர்ப்பதோடுதான். சட்டைப்பை என்றால் நமக்குப் பேனா செருகும் மார்புப் பையே நினைவுக்கு வரும். இக்கருவியோ பெரும்பாலும் ஒரு முழத்துக்குச் சற்றே குறைந்த நீளமுடையது. அதை ஏற்றது நீண்ட மேலங்கியின் ஆழமான பை. அளவுப் பிழையைக்கூடப் பொறுக்கலாம். அந்தப் பெயர் கருவியையே பொம்மையாக்கிவிடுவதுதான் பொறுக்க முடியாதது. உயர்குடி மாளிகைகளுக்குள் செல்லும் ஆசிரியரின் கையில் இருக்க வேண்டியது என்பதால், இதில் யானைத்தந்தமும் கருங்காலியும் ஆமை ஓடும் இழைத்தார்கள், கழுத்தின் நுனியில் சுருள்தலை இருக்க வேண்டிய இடத்தில் மனிதத் தலையையோ விலங்குத் தலையையோ செதுக்கினார்கள். புகழ்பெற்ற இத்தாலிய வயலின் கைவினைஞர் ஸ்திராதிவாரி 1717இல் செய்த ஒன்று பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதனடியிலும் ‘சட்டைப்பை வயலின்’ என்றா எழுதுவது?

‘நட்டுவ வயலின்’ என்பாரும் உண்டு. காதுக்கு இனிமைதான், ஆனால் பொருந்தாது: நட்டுவனார் தாளத்தாலும் சொற்கட்டாலும் ஆட்டத்தை நடத்துகிறார், பிரெஞ்சு ஆசிரியரோ மெனுவெத் என்ற நடனத்தின் மெட்டைத் தாமே வாசித்தபடி அடிவைப்பையும் ஆடிக்காட்டினார். ஒலி மெலிதானாலும் ஓர் அறைக்குள் பாடம் நடத்த அது போதும்; தாடையில் இடுக்காமல் மார்பிலோ தோளிலோ சாய்த்துப் பிடித்ததால் உடலும் ஆடத் தோதாக இருந்தது.

ஜெர்மானியர் இதைப் பையைக் கொண்டும் அழைப்பார்கள், நடன ஆசிரியரைக் கொண்டும் அழைப்பார்கள். இரண்டாவது வழியே தெளிவானது. சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடலாசிரியனின் இலக்கணத்தைச் சொல்லியிருக்க, நாம் சட்டைப்பையைத் துழாவ வேண்டியதில்லை. ‘ஆடலாசான் வயலின்’ என்று எழுதலாம்; ‘வயலின்’ என்பதையும் பெயர்த்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கில்லை. படகு வடிவில் குடையப்பட்டதை ‘படகு வடிவ ஆடலாசான் வயலின்’ என்றும், வயலின் வடிவிலேயே சிறுத்திருப்பதை வெறுமனே ‘ஆடலாசான் வயலின்’ என்றும் குறித்து, முதல் முறை மட்டும் பக்கத்தில் ‘பொஷெத்’ என்று சேர்த்தால் போதும்.