சாய்தளம், கைப்பிடி, லிஃப்ட்: கட்டடங்களிடம் சட்டம் கேட்பது என்ன?

கல்யாண மண்டபம், வங்கிக் கிளை, தனியார் மருத்துவமனை, கோயில் என்று எதை எடுத்துக்கொண்டாலும் வாசலில் மூன்று படி இருந்தால் போதும், சக்கர நாற்காலியில் வருபவர் வெளியே நின்றுவிடுவார். முழங்கால் தேய்ந்த முதியவர் யாராவது கை கொடுக்கும்வரை காத்திருப்பார். "ஆள் வச்சுத் தூக்கி விட்டுடறோம் சார்" என்று நிர்வாகம் சொல்லும். நல்ல மனதோடு சொல்லலாம். ஆனால் சட்டப்படி அவர்கள் செய்ய வேண்டியது வேறு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19-இல். அதில் 'பொதுக் கட்டடம்' என்பதற்கு அரசு அலுவலகம் என்று மட்டும் பொருள் இல்லை. பொதுமக்கள் வந்துபோகிற இடமாக இருந்தால் தனியார் கட்டடமும் அதில் சேரும். பள்ளி, கல்லூரி, கடை, வேலை செய்யும் இடம், மருத்துவமனை, நீதிமன்றம், காவல் நிலையம், வழிபாட்டுத் தலம், பொழுதுபோக்கு இடம், ரயில் நிலையம், பேருந்து நிலையம் எல்லாமே சட்டத்தின் வரையறையில் இருக்கின்றன. "இது பிரைவேட் இடம்" என்ற பதில் இங்கே செல்லாது.

புதிய கட்டடங்களுக்கான பிரிவு 44. வரைபடம் மத்திய அரசு வகுத்த அணுகல் விதிகளுக்கு ஒத்துவராவிட்டால் எந்த நிறுவனத்துக்கும் கட்டட அனுமதி தரக் கூடாது. கட்டி முடித்த பிறகும் விதிகள் பின்பற்றப்படவில்லை என்றால் பணி நிறைவுச் சான்று தரக் கூடாது, குடியேறவும் விடக் கூடாது. ஏற்கெனவே நிற்கும் பொதுக் கட்டடங்களுக்குப் பிரிவு 45. விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் அவற்றை மாற்றியமைக்க வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூன் 15. ஆகவே கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. மாநிலங்களுக்குக் கூடுதல் அவகாசம் தர மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு என்றாலும், ஒவ்வொன்றாகப் பரிசீலித்துத்தான் தர முடியும். சேவை வழங்குபவர்களுக்குப் பிரிவு 46 கொடுத்த அவகாசம் இரண்டே ஆண்டு.

இனி அளவு. சாய்தளத்தின் சரிவு 1:12-ஐ விடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. ஓரடி உயரம் ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அரையடிப் படி மூன்று இருந்தால் உயரம் ஒன்றரை அடி, சாய்தளம் பதினெட்டு அடி. நம் ஊர்க் கடை வாசல்களில் பைக்கை ஏற்றுவதற்காக நாலடியில் சிமென்ட் பூசி வைத்திருப்பார்களே, அதைக் காட்டி "ராம்ப் இருக்கே" என்பார்கள். அதில் சக்கர நாற்காலியைத் தனியாக ஏற்ற முடியாது. இறங்கும்போது குப்புறக் கவிழும் ஆபத்தும் உண்டு. இப்படிப்பட்ட ராம்ப் இல்லாமலே இருக்கலாம் என்பது என் கருத்து. ஏனென்றால் ஆய்வுக்கு வருபவர் அதைப் பார்த்து 'உள்ளது' என்று டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார். வாசலோடும் வேலை முடியாது. கதவில் தாராளமாக 90 செ.மீ. இடைவெளி வேண்டும், நாற்காலி திரும்ப உள்ளே ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும், கழிவறையில் பிடிகம்பி வேண்டும். பார்வையற்றவர்களுக்கு நடைபாதையில் தொட்டுணரும் ஓடுகளும், லிஃப்டில் பிரெயில் பொத்தானும் குரல் அறிவிப்பும் தேவை.

இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும் வாசல்கள் ஏன் மாறவில்லை? ஒரு காரணத்தை உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. பார்வைக் குறைபாடு உள்ள ரஜீவ் ரதூரி 2005-இல் தொடர்ந்த பொதுநல வழக்கில் 2024 நவம்பர் 8-இல் தீர்ப்பு வந்தது. சட்டம் 'கட்டாயம்' என்கிறது. ஆனால் 2017-இல் வந்த விதிகளில் 15(1) கைகாட்டிய வழிகாட்டு நெறிகளோ 'செய்தால் நல்லது' என்ற தொனியில் இருந்தன. சட்டத்துக்கு முரணாக இருப்பதால் அந்த விதி செல்லாது என்று சொன்ன நீதிமன்றம், தட்டிக்கழிக்க முடியாத குறைந்தபட்சத் தரங்களைத் தனியே பிரித்து மூன்று மாதத்தில் கட்டாய விதிகளாகக் கொண்டுவருமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதன்பின் விதியை மீறுவோருக்குப் பணி நிறைவுச் சான்றை நிறுத்திவைப்பதும் அபராதம் விதிப்பதும் நடக்க வேண்டும் என்றது. அபராதம் பிரிவு 89-இல் உள்ளது: முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை.

முதியவர்கள் பலருக்கு ஒரு தயக்கம் இருக்கிறது: "எனக்கு மாற்றுத்திறனாளி அட்டை இல்லையே, நான் எப்படிக் கேட்பது?" உதவித்தொகைக்கும் பயணச் சலுகைக்கும்தான் அட்டை. சாய்தளத்திலும் லிஃப்டிலும் ஏற யாரும் அட்டை காட்ட வேண்டியதில்லை. 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட தடையற்ற கட்டடங்களுக்கான வழிகாட்டு நெறிகளின் தலைப்பிலேயே மாற்றுத்திறனாளிகளோடு முதியவர்களும் இருந்தார்கள்.

சிக்கல் வருவது அடுக்குமாடிக் குடியிருப்பில். குடியிருப்பு 'பொதுக் கட்டடம்' என்ற வரையறைக்குள் நேரடியாக வராது. அதனால் லிஃப்ட் இல்லாத பழைய மூன்று மாடி ஃபிளாட்டுக்குப் பிரிவு 45-இன் கெடுவைக் காட்ட முடியாது. சங்கக் கூட்டத்தில் பேசி, செலவைப் பங்கிட்டுத்தான் ஆக வேண்டும். புதிய ஃபிளாட் கதை வேறு. பிரிவு 44 'எந்தக் கட்டுமானமும்' என்கிறது. கட்டுமான நிறுவனமும் சட்டத்தின் பார்வையில் ஒரு தனியார் நிறுவனம்தான். ஆகவே வரைபடக் கட்டத்திலேயே கேட்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் சிறிய குடியிருப்புக் கட்டடங்களுக்குப் பணி நிறைவுச் சான்றிலிருந்தே விலக்கு இருக்கிறது. பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. வயதான பெற்றோருக்காக ஃபிளாட் வாங்குபவர்கள், முன்பணம் கொடுக்கும் முன் தரைத்தளத்திலிருந்து லிஃப்ட் வரை படி இல்லாமல் போக முடிகிறதா என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் இருக்கும், அதை அடைய நாலு படி இருக்கும்!

புகார் செய்வதற்கு மாற்றுத்திறனாளியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. முதலில் கட்டட நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். படிகளின் உயரத்தை டேப் வைத்து அளந்து, புகைப்படத்தோடு இணையுங்கள். 'வசதி இல்லை' என்று மொட்டையாக எழுதாமல் பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். ஒரு நகல் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். மத்திய அரசின் 'சுகம்ய பாரத்' செயலியில் படம் எடுத்துப் பதிவேற்றும் வழியும் உண்டு.

இவற்றில் நகராவிட்டால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போகலாம். ஆளையும் ஆவணத்தையும் வரவழைக்க அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை அனுப்பினால், எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட அதிகாரி மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் அதற்கான காரணத்தையும் அதே கெடுவுக்குள் சொல்ல வேண்டும்.

அரசுக் கட்டடமாக இருந்தால் கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போட்டுவையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை, பள்ளி, பேருந்து நிறுத்தம் போன்றவற்றை எந்த வரிசையில் சரிசெய்யப்போகிறோம் என்ற செயல்திட்டத்தை அரசும் உள்ளாட்சி அமைப்பும் வெளியிட வேண்டும் என்று பிரிவு 45(2) சொல்கிறது. உங்கள் நகராட்சியின் செயல்திட்டத்துக்கு நகல் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், ஆணையருக்கு அனுப்பும் மனுவில் அதை முதல் இணைப்பாக வையுங்கள்.