மேலே ஏற்றியது முதலில் இறங்கும்

மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி மண்டிகளில் பிளாஸ்டிக் கிரேட்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். கடைசியாக ஏற்றிய கிரேட்தான் முதலில் இறங்கும். கணினிக்காரர்கள் ஸ்டேக் என்பது இதைத்தான்.

அப்படியொரு மண்டியில் பில் போடும் லினக்ஸ் கணினியை நான் பார்த்துக்கொள்கிறேன். பில் மக்கர் செய்தால் பில் ஃபோல்டரில் தொடங்கி, நடந்ததைப் பதிந்துவைக்கும் லாக் ஓரிடம், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் இன்னோரிடம் என்று அலைய வேண்டும். ஃபோல்டர் மாற்றும் கட்டளையான ‘சிடி’ போட்டுப் போவது எளிது, திரும்புவதுதான் பாடு. ‘சிடி -’ கொடுத்தால் முந்தைய இடத்துக்குப் போகலாம். ஆனால் நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் அப்படி நினைவில் வைப்பது ஒரே ஓர் இடத்தைத்தான்.

அதற்குத்தான் ‘புஷ்டி’, நிற்கும் இடத்தை அடுக்கில் விட்டுவிட்டுப் புது இடத்தை மேலே ஏற்றி அங்கே போகும் கட்டளை. லேகிய விளம்பரம் இல்லை. ‘புஷ்’ஷோடு டைரக்டரியின், அதாவது ஃபோல்டரின், ‘டி’ சேர்ந்தது. பில் ஃபோல்டரிலிருந்து ‘புஷ்டி /வார்/லாக்’, பிறகு ‘புஷ்டி /இடிசி/கிரான்.டி’ என்று போனேன். ‘டிர்ஸ் -வி’ அடித்தால் அடுக்கு தெரியும்:

0 /இடிசி/கிரான்.டி
1 /வார்/லாக்
2 ~/பில்

0 என்பது இப்போது நிற்கும் இடம். ‘பாப்டி’ என்றால் அது கழன்று லாக்குக்கு வருவோம். இன்னொரு ‘பாப்டி’, பில் ஃபோல்டர். சும்மா ‘புஷ்டி’ என்று மட்டும் அடித்தால் மேலே உள்ள இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். இரண்டு ஃபோல்டருக்கு நடுவே போய்வர நான் அதிகம் அடிப்பது இதுதான்.

‘புஷ்டி +2’ கொடுத்தால் அடுக்கு சுழன்று பில் மேலே வரும், மற்ற இரண்டும் அதன் கீழே போகும். இங்கே கிரேட் கணக்கு உதைக்கும். மண்டியில் அடிக் கிரேட்டை உருவினால் அடுக்கே சரியும். அங்கே போகாமலே ‘~2’ என்று எழுதி ஃபைலை பில் ஃபோல்டருக்குக் காப்பி செய்யவும் முடியும்.

நான் அடிக்கடி சறுக்குவது ஓரிடத்தில். நடுவில் பழக்கதோஷத்தில் ‘சிடி /டெம்ப்’ அடித்துவிடுவேன். சிடி அடுக்கில் எதையும் ஏற்றாது, 0-ஐ மட்டும் மாற்றும். கிரான்.டி அடுக்கிலிருந்தே போய்விடும். அடுத்த பாப்டியில் லாக்கில் போய் நின்று விழிப்பேன்.

ஒவ்வொரு டெர்மினலுக்கும் அடுக்கு தனி. மூடினால் போச்சு. இவை சி ஷெல் என்ற பழைய ஷெல்லிலிருந்து, லினக்ஸில் பரவலாக ஓடும் பாஷ் ஷெல்லுக்கு வந்த கட்டளைகள். உபுண்டு லினக்ஸில் ‘எஸ்ஹெச்’ என்ற பெயரில் ஓடும் டாஷ் ஷெல்லுக்கு இவை தெரியாது. அதனால் கட்டளைகளை எழுதிவைத்து ஓட்டும் ஸ்கிரிப்டில் புஷ்டி இருந்தால் முதல் வரியில் பாஷ் என்றே எழுதிவிடுங்கள்.