எனாமலோபிளாஸ்டி: பற்சிப்பி அராவல்

பல்லின் மேலுறையான பற்சிப்பியில் (எனாமல்) அரை மில்லிமீட்டருக்கு மேற்படாமல் அராவி எடுத்து, பல்லின் ஓரத்தையோ நீளத்தையோ வடிவத்தையோ சரிசெய்வதற்குப் பெயர் எனாமலோபிளாஸ்டி. முனை பெயர்ந்த முன்பல், பக்கத்துப் பல்லைவிடச் சற்றே நீண்டு நிற்கும் பல், ஊசிபோல் கூர்ந்த கோரைப்பல், ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறிய பற்கள் ஆகியவற்றுக்கு இதைச் செய்கிறார்கள். பல் மருத்துவரிடம் போனால் 'டூத் ஷேப்பிங்', 'ரீகான்டூரிங்' என்ற பெயர்களும் காதில் விழும். தமிழில் இதற்குப் பற்சிப்பி அராவல் என்ற சொல்லே பொருத்தம். 'பல் திருத்தம்', 'பல் வடிவமைப்பு' என்றெல்லாம் எழுதுகிறார்கள். அவை ஏன் போதாது என்பது சொல்லின் வேரைப் பார்த்தால் புரியும்.

எனாமல் என்பது பழைய பிரெஞ்சு மொழி வழியே வந்த சொல். அதற்கும் பின்னே 'உருக்குதல்' என்று பொருள்படும் ஜெர்மானிய வேர் இருக்கிறது. உலோகத்தின்மேல் கண்ணாடிப் பொடியைப் பரப்பி, உலையில் உருக்கிப் படியவைக்கும் பளபளப்பான பூச்சுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். அதே மினுமினுப்பைப் பார்த்துப் பல்லின் மேலுறைக்கும் அது ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டி கிரேக்கம்; களிமண்ணைப் பிசைந்து உருவாக்குவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. பிளாஸ்டிக் என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். மூக்கைச் சீரமைக்கும் ரைனோபிளாஸ்டி, இரத்தக்குழாய் அடைப்பை விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி என மருத்துவத்தில் இந்த விகுதி எங்கும் உண்டு. தமிழில் இதற்கு நேர் சொல் வனைதல். ஆக எனாமலோபிளாஸ்டியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பற்சிப்பி வனைவு' என்று வரும்.

அப்படிப் பெயர்த்தால் பொருள் தவறிவிடும். குயவர் கையில் இருக்கும் மண்ணை அழுத்தலாம், இழுக்கலாம், தப்பினால் மீண்டும் பிசையலாம். பற்சிப்பிக்கு அந்த இளக்கம் கிடையாது. எடையில் 96 சதவீதம் அளவுக்குக் கனிமம் கொண்ட அது, உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதை உருவாக்கிய உயிரணுக்கள் பல் ஈறைக் கிழித்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. எலும்பு உடைந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். பற்சிப்பி போனால் போனதுதான். இந்தச் சிகிச்சையில் நடப்பது ஒன்றே ஒன்று: இருப்பதில் கொஞ்சம் எடுக்கப்படுகிறது.

எடுப்பதைச் சொல்ல நம்மிடம் பழைய வினை இருக்கிறது. அராவுதல் என்றால் அரத்தால் தேய்த்து எடுத்தல். பேச்சில் ராவுவது என்போம். மரம் அறுக்கும் அரம்பமும் இந்தக் குடும்பம்தான். உட்பகை உற்ற குடி அரம் பொருத பொன்போலத் தேயும் என்கிறது 888-ஆம் குறள். அரம் பட்டது தேயும், தேய்ந்தது திரும்பாது என்ற பொருள் அந்தச் சொல்லோடு அன்றே ஒட்டியிருக்கிறது. ஒப்புதல் படிவத்தில் 'திருத்தம்' என்று இருந்தால், பிடிக்காவிட்டால் மறுபடி மாற்றிக்கொள்ளலாம் என்று படிப்பவர் நினைக்க இடமுண்டு. 'அராவல்' என்று இருந்தால் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

பற்சிப்பி என்பது பல்லும் சிப்பியும் சேர்ந்த சொல். லகரம் சகரத்தின் முன் றகரமானது. மிளிரி என்றும் எழுதுவோர் உண்டு. அதுவும் அழகான சொல்தான், ஆனால் பல் என்ற சொல் உள்ளே இல்லாததால் புதியவருக்கு எதைக் குறிக்கிறது என்று தெரியாது. 'பல் திருத்தம்' என்பதில் இன்னொரு சிக்கல். புணர்ச்சி விதிப்படி சேர்த்தால் அது 'பற்றிருத்தம்' ஆகிவிடும், யாருக்கும் விளங்காது. 'பல் தேய்த்தல்' என்றால் காலையில் பல் துலக்குவது. 'பல் தேய்மானம்' என்றால் வயதாலும் பல் கடிப்பதாலும் தானாகத் தேய்வது. இவை இரண்டையும் இந்தச் சிகிச்சைக்குப் பயன்படுத்தக்கூடாது.

இதோடு குழப்பிக்கொள்ளும் சொற்கள் சில உண்டு. ஓடோன்டோபிளாஸ்டியில் முன்பாதி, பின்பாதி இரண்டுமே கிரேக்கம். ஓடோன்ட் என்றால் பல். மேலுறை என்று குறிப்பிடாமல் பல்லை வடிவமைப்பதைப் பொதுவாகச் சொல்வது அது. பற்கள் சேரும் பக்கச் சுவர்களில் மெல்லிய உராய்வுப் பட்டையை விட்டு இழுத்து இடம் உண்டாக்குவதை ஐபிஆர் என்பார்கள். பல்வரிசைக் கம்பியோ அலைனரோ (பற்களை நகர்த்த அணியும் கழற்றக்கூடிய உறை) போட்டவர்கள் இதைக் கேட்டிருப்பார்கள். தமிழில் பல்லிடை அராவல் எனலாம். ஸ்கேலிங் முற்றிலும் வேறு. அது பல்மேல் படிந்த காரையை நீக்குவது, பல்லை அராவுவது அல்ல. வெனீர் போடும்போதும் மேலுறையை அராவுகிறார்கள், ஆனால் மேலே பீங்கான் தகடு வந்து மூடிவிடும். பற்சிப்பி அராவலில் அராவிய இடம் அப்படியே திறந்திருக்கும். பின்னால் சொல்லப்போகும் கவனிப்பு முழுக்க இதனால்தான் தேவைப்படுகிறது.

எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு வருவோம். மெக்கானிக்கல் பென்சிலில் போடும் 0.5 ஈயக்குச்சி ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதன் தடிமன் அளவே ஒரு பல்லில் பொதுவாக எடுக்கும் உச்ச வரம்பு. பல நேரம் அதில் பாதியே போதும். கடைவாய்ப்பல்லின் மேட்டில் பற்சிப்பி 2.5 மி.மீ. வரை தடித்திருக்கும். முன்பல்லின் முகப்பிலோ ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்டுத்தான் இருக்கும், ஈறை நெருங்க நெருங்க மெலிந்து ஒன்றுமில்லாமல் போகும். எனவே வெட்டும் ஓரத்தில் எடுக்கக்கூடிய அளவை ஈறுக்கு அருகே எடுக்கவே முடியாது. பல்லிடை அராவலில் ஒரு பக்கச் சுவருக்கு 0.25 மி.மீ., இரண்டு பற்கள் தொடும் ஓரிடத்தில் மொத்தம் 0.5 மி.மீ. என்பது முன்பற்களுக்கு வழக்கமான கணக்கு.

இந்த அளவுக்குள் அடங்கும் குறைகளுக்கு இது மிக நல்ல முறை. புதிதாக முளைத்த வெட்டுப்பற்களின் ஓரத்தில் ரம்பம்போல் மூன்று சிறு மேடுகள் இருக்கும். கடித்துக் கடித்து அவை தானே மழுங்கிவிடும். மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாத வாயில் மட்டும் வளர்ந்த பிறகும் நிற்கும். அவற்றை நீக்கச் சில நிமிடங்கள் போதும். முனை பெயர்ந்த சொரசொரப்பை மழுக்கினால் நாக்கிலும் உதட்டிலும் குத்துவது நிற்கும், பெயர்ச்சி மேலும் பரவுவதும் குறையும். ஏறி நிற்கும் பல்லின் ஓரத்தைக் குறைத்தால் துலக்குவதும் எளிதாகும். பிறவியிலேயே பக்கவாட்டு வெட்டுப்பல் இல்லாதவர்களுக்குக் கோரைப்பல்லை அந்த இடத்துக்கு நகர்த்திய பின், அதன் கூர்முனையை அராவி வெட்டுப்பல்போல் ஆக்குவதும் உண்டு.

ஆனால் பல்லை நீளமாக்கவோ இடைவெளியை அடைக்கவோ இதனால் முடியாது. அங்கே பிசின் நிரப்பும் பாண்டிங் வேண்டும். நன்றாகக் கோணிய பல்லை அராவி நேராக்கப் பார்ப்பது தவறான மருத்துவம். அதற்குக் கம்பியோ அலைனரோதான்.

செய்முறையில் அராவுவதைவிட அளப்பதற்கே அதிக நேரம் போக வேண்டும். முதலில் எக்ஸ்ரே எடுத்து, மேலுறையின் தடிமனையும், பல்லின் நடுவே நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள பற்கூழ் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள். வளரும் வயதினருக்குப் பற்கூழ் அறை பெரிதாக இருக்கும். பல்லைத் தொடத் தயங்க வேண்டிய வயது அது. சொத்தை, ஈறு வீக்கம் இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை. பிறகு மை தடவிய மெல்லிய கடிதாளைப் பற்களுக்கிடையில் வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். நேராகக் கடிக்கும்போதும், கீழ்த்தாடையை முன்னே, பக்கவாட்டில் நகர்த்தும்போதும் மை எங்கே ஒட்டுகிறது என்று தனித்தனியே குறிப்பார்கள். மை ஒட்டிய இடம் தாடையின் சுமையைத் தாங்கும் இடம். அழகுக்காக அதை எடுத்துவிடக்கூடாது.

அடுத்த படிதான் நோயாளிக்கு மிகவும் உதவுவது. எடுக்கப்போகும் பகுதியைக் கறுப்பு மைப்பேனாவால் பல்மேல் வரைந்து, கையில் கண்ணாடியைக் கொடுப்பார்கள். வாயின் உட்பக்கம் இருட்டாக இருப்பதால் கறுப்பாக்கிய ஓரம் கண்ணில் படாது. அராவிய பிறகு பல் எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும். கண்ணாடியைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துச் சிரித்துப் பாருங்கள். 'ஃப' என்று சொல்லிப் பாருங்கள், மேல்பல்லின் ஓரம் கீழுதட்டை இயல்பாகத் தொட வேண்டும். மேல் நடு வெட்டுப்பல்லின் அகலம் அதன் நீளத்தில் 75 முதல் 80 சதவீதம் இருந்தால் கண்ணுக்கு இசைவாக இருக்கும். அதற்கு மேல் குட்டையாக்கினால் பல் சதுரமாகி, தேய்ந்துபோன பல்போல் முகத்துக்கு வயதைக் கூட்டிவிடும். மை வரைந்து காட்டாமல் நேரே கருவியை எடுத்தால், வரைந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அராவுவதற்குச் சிவப்பு வளையமிட்ட நுண்வைர பர் (சுழன்று தேய்க்கும் கருவிமுனை), முடிக்கும்போது மஞ்சள் வளையமிட்ட அதிநுண் பர். பச்சை, கறுப்பு வளையங்கள் கொரகொரப்பானவை. இந்த வேலைக்கு உரியவை அல்ல. கூடவே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். குரங்குப் பற்களில் 1965-இல் வெளியான ஓர் ஆய்வில், பற்கூழின் வெப்பம் 5.5 பாகை செல்சியஸ் உயர்ந்தபோது 15 சதவீதப் பற்களின் கூழ் மீளவில்லை. வறட்டு அராவல் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். மரத்துப்போகும் ஊசி பெரும்பாலும் போடுவதில்லை, போடாமல் இருப்பதே நல்லது. கூச்சம் சுரீரென்று எழுந்தால் மேலுறை மெலிந்துவிட்டது என்பதற்கு அதுவே எச்சரிக்கை. கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லலாம். ஊசி போட்டால் அந்த எச்சரிக்கை கிடைக்காது.

கடைசியில் மெருகேற்றல். உராய்வு வட்டுகளைக் கொரகொரப்பிலிருந்து மிருதுவரை வரிசை தவறாமல் மாற்ற வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய கீறல் அப்படியே நின்றுவிடும். மேற்பரப்பின் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் கிருமிப்படலம் அதிகமாகப் படியத் தொடங்குகிறது. காபி, தேநீர்க் கறையும் அங்கே பிடிக்கும். இதற்குப் பிறகு 5 சதவீத சோடியம் ஃப்ளூரைடு வார்னிஷ் பூசுவார்கள். சில பற்கள் மட்டுமென்றால் அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

தவறு நேர்வதெல்லாம் அளவு மீறும்போதுதான். பற்சிப்பிக்குக் கீழே இருப்பது தந்தினி, அதாவது டென்டைன். அது மஞ்சள் நிறம், ஊடே பற்கூழ் வரை ஓடும் நுண்குழாய்கள் நிறைந்தது. பற்சிப்பி ஒளி ஊடுருவுவது. அது மெலிய மெலிய அடியிலுள்ள மஞ்சள் வெளியே தெரியும். அழகுக்காகச் செய்த பல் மங்கிப்போவது இப்படித்தான். இன்னும் எடுத்தால் நுண்குழாய்கள் திறந்து, குளிரும் சூடும் இனிப்பும் அவற்றிலுள்ள திரவத்தை அசைத்துக் கூச்சத்தை உண்டாக்கும். முன்பற்களை அதிகம் குறைத்தால் இன்னொரு கேடு: தாடை பக்கவாட்டில் நகரும்போது பின்பற்களைப் பிரித்துக் காப்பவை முன்பற்களும் கோரைப்பல்லும்தான். அவை குட்டையானால் அந்த உராய்வு கடைவாய்ப்பற்களின் மேல் விழும். தூக்கத்தில் பல் கடிப்பவர்கள், நெஞ்செரிச்சல் அமிலத்தால் மேலுறை ஏற்கெனவே கரைந்தவர்கள், இப்போதே கூச்சம் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

நகம் தேய்க்கும் அரத்தால் தாமே பல்லை ராவிக்கொள்ளும் காணொளிகள் இணையத்தில் பரவியதுண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதில் தண்ணீர் இல்லை, எக்ஸ்ரே இல்லை, கடிதாள் இல்லை, மெருகும் இல்லை. நகத்துக்கான கொரகொரப்பு பல்லில் ஆழமான கீறலை விடும். எவ்வளவு போனது என்று கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது.

வார்னிஷ் பூசியபின் குறைந்தது 4 மணி நேரம் சூடானதும் கடினமானதும் வேண்டாம்; துலக்குவதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம். அடுத்த சில நாள் எலுமிச்சை, சோடா போன்ற புளிப்புப் பானங்களைத் தள்ளி வையுங்கள். வாயின் அமிலநிலை பி.எச். 5.5-க்குக் கீழே போனால் பற்சிப்பி கரையத் தொடங்கும். புளிப்பு குடித்தால் உடனே துலக்காமல், தண்ணீரால் கொப்பளித்து அரைமணி நேரம் விடுங்கள். மென்தூரிகையும், 1000 முதல் 1500 பிபிஎம் ஃப்ளூரைடு உள்ள பற்பசையும் போதும்; கரித்தூள், பேக்கிங் சோடா வேண்டாம். வெண்மையாக்கும் சிகிச்சை எடுக்க நினைத்தால், கூச்சம் முழுதும் அடங்கிய பின் மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள். பல் கடிக்கும் பழக்கம் இருந்தும் செய்துகொண்டிருந்தால் இரவுக் காப்பு அணிவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

லேசான கூச்சம் சில நாளில் அடங்கிவிடும்; 5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையைத் துலக்கியபின் விரலால் அந்த இடத்தில் தடவி வைப்பது உதவும். இரண்டு வாரம் கடந்தும் கூச்சம் குறையவில்லை என்றாலோ, குளிர்ந்த நீர் பட்டபின் வலி நிமிடக்கணக்கில் நின்றாலோ, எதுவும் படாமலே இரவில் பல் துடித்தாலோ பற்கூழ் பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போது பற்பசையை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல், எக்ஸ்ரேயோடு மருத்துவரிடம் திரும்பிப் போக வேண்டும்.