துய்மா வீதியில் ஒரு 'ய்'

புதுச்சேரி கடற்கரைச் சாலையை ஒட்டி, அதற்கு இணையாகப் போகிற தெரு துய்மா வீதி. 1735 முதல் 1741 வரை இங்கே ஆளுநராக இருந்தவரின் பெயர். கொஞ்சம் தள்ளிப் போனால் சுய்ப்ரேன் வீதி. 1783இல் நம் கடலூர்க் கடலில் ஆங்கிலேயக் கப்பல்களோடு மோதிய பிரெஞ்சுத் தளபதி அவர். கடலூரிலிருந்து மாலை பஸ் பிடித்து பிரெஞ்சு வகுப்புக்குப் போன நாட்களில் இந்தப் பெயர்களைத் தினமும் கடந்து போவேன். 'துய்', 'சுய்' என்று அந்த 'ய்' எதற்கு என்று அப்போது யோசித்ததில்லை.

பிரெஞ்சில் அந்த இடத்தில் 'ய' ஒலியே கிடையாது. அங்கே இருப்பது பிரிக்க முடியாத ஒரே உயிரொலி. 'ஈ' என்று இழுத்துக்கொண்டே, நாக்கைத் துளியும் அசைக்காமல், விளக்கை ஊதி அணைப்பதுபோல உதட்டை மட்டும் குவித்துப் பாருங்கள். வருகிறதே, அதுதான்.

குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது நிரம்ப நிரம்பச் சத்தம் கூர்மையாகிறது இல்லையா? உள்ளே அதிரும் காற்றுக்கு இடம் குறைவதுதான் காரணம். வாய்க்குள்ளும் இதே கதைதான். 'ஈ' சொல்லும்போது நாக்கு முன்பக்கம் எழும்பி நிற்கிறது. நாக்குக்கு முன்னால் இருக்கும் இடம் மிகச் சிறியது, அதனால் ஒலி கூர்மை. உதட்டைக் குவித்தால் அந்த இடம் நீள்கிறது, கூர்மை கொஞ்சம் இறங்குகிறது. நாக்கையும் பின்னால் இழுத்துவிட்டால் இன்னும் இறங்கி 'ஊ' ஆகிவிடுகிறது. பிரெஞ்சு ஒலி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

தமிழில் நாக்கு முன்னால் நிற்கும் இ, எ இரண்டுக்கும் உதடு குவியாது. உதடு குவியும் உ, ஒ இரண்டுக்கும் நாக்கு பின்னால் போய்விடும். முன் நாக்கும் குவிந்த உதடும் சேர்ந்து வரும் உயிர் நம்மிடம் இல்லை. அப்படி ஒன்று வந்து விழுந்தால் தமிழ்க் காது என்ன செய்யும்? குவிந்த உதட்டுக்கு ஓர் 'உ', முன்னால் நிற்கும் நாக்குக்கு ஒரு 'ய்' என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைக்கும். ஆங்கிலக் காது இதையே திருப்பி அடுக்கி 'யூ' என்று கேட்கிறது. அதனால்தான் Dupleix என்ற ஒரே ஆளுநரின் பெயர் ஆங்கிலம் வழியாக வந்தபோது 'டியூப்ளே' ஆனது, பிரெஞ்சிலிருந்து நேரே வந்தபோது 'துய்ப்ளே' ஆனது. 'துய்' என்று முதலில் எழுதியவர் எவரோ, அவருக்கு அருமையான காது என்பேன்.

முதல் எழுத்தையும் பாருங்கள். ஒன்றில் 'டி', இன்னொன்றில் 'து'. பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஒலியை நம் 'த' போலப் பல்லில் நாக்கு பட உச்சரிப்பார்கள். ஆங்கிலத்தில் நாக்கு கொஞ்சம் மேலே, ஈறில் படும். அது நமக்கு 'ட'வாகக் கேட்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவரைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள், அதில் 'த'. ஆங்கிலத்திலிருந்து வந்த டாக்டருக்கோ இரண்டு 'ட'.

ஒலிகளை இப்படி வகை பிரித்துப் போடும் பெட்டிகள் காதுக்குள் எப்போது உருவாகின்றன? ஜேனட் வெர்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற கனடா ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு மிக நெருக்கமானது. அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று இந்தியின் 'த'வும் 'ட'வும். 'பத்து', 'பட்டு' என்று நாம் யோசிக்காமல் பிரிக்கிறோமே, அதே வேறுபாடு. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் பெரும்பாலும் இதைப் பிரித்துக் கேட்டன. 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறமை ஏறக்குறையப் போய்விட்டது. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கோ போகவில்லை. காது பழுதாகவில்லை, ஒலி எப்போதும்போல உள்ளே போகிறது. தன் வீட்டு மொழியில் பொருளை மாற்றாத வேறுபாட்டை மூளை கவனிக்காமல் விட்டுவிடுகிறது. வேகமாகப் பேசும் அம்மாவைப் புரிந்துகொள்ள அந்தச் சிக்கனம் குழந்தைக்கு அவசியம்.

பிறகு அந்தக் குழந்தை வளர்ந்து பிரெஞ்சு படிக்க வரும்போதுதான் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. பிரெஞ்சில் 'மேலே' என்பதற்கு 'தெசுய்', 'கீழே' என்பதற்கு 'தெசூ' என்று தோராயமாகத் தமிழில் எழுதலாம். அந்த ஓர் உயிர்தான் வித்தியாசம். வகுப்பில் ஆசிரியை ஒரு பெட்டியைக் காட்டி இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. படிக்கிற எனக்குப் பரவாயில்லை, திரும்பக் கேட்டுக்கொள்ளலாம். பேசப் பேச உடனுக்குடன் மொழிபெயர்க்கிறவருக்கு அந்த நேரம் இல்லை. அவர் ஒரு வாக்கியத்தை வாயால் சொல்லிக்கொண்டே அடுத்த வாக்கியத்தைக் காதால் வாங்குகிறார். ஒலியைப் பிரிக்கும் வேலை தானாக நடந்தால்தான் பொருளுக்கு மனம் மிஞ்சும்.

சரி, பெரியவர்களுக்கு வழி இருக்கிறதா? இருக்கிறது. ஜப்பானியர்களுக்கு ஆங்கிலத்தின் 'ர', 'ல' இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும் என்பது தெரிந்ததே. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சில ஜப்பானியர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஒரு சொல் ஒலிக்கும். அது இந்தச் சொல்லா அந்தச் சொல்லா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். சரியா தவறா என்று அப்போதே தெரியும். சில வாரங்களில் தேறினார்கள். பல குரல்களில் கேட்டவர்கள் முன்பின் கேட்டிராத குரலிலும் நன்றாகப் பிரித்தார்கள். ஒரே குரலில் பழகியவர்களுக்குப் புதுக் குரல் வந்தால் அந்தத் தேர்ச்சி கைகொடுக்கவில்லை. இன்னொன்றும் 1997இல் தெரிய வந்தது: காதுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தும் உச்சரிப்பும் கூடவே மேம்பட்டது.

நம் வகுப்புகளில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது என்பது என் வருத்தம். ஒரே ஆசிரியர், ஒரே குரல், முதல் நாளிலிருந்தே 'திருப்பிச் சொல்லுங்கள்'. காதில் பிரியாததை நாக்கு எப்படிப் பிரிக்கும்? புதுச்சேரியில் குரலுக்கா பஞ்சம்? லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள், ஓய்வூதியம் வாங்கும் தாத்தாக்கள், கடற்கரைக்கு வருகிற பயணிகள் என்று ஊரெல்லாம் இருக்கிறது. தெசுய், தெசூ இரண்டையும் எனக்குப் பிரித்துக் கொடுத்தவை அப்படிச் சேர்த்த குரல்கள்தான். ஏழெட்டுப் பேரைச் சொல்ல வைத்துப் போனில் பதிந்தேன், பஸ்ஸில் கலைத்துப் போட்டுக் கேட்டேன். இரண்டு மாதம் பிடித்தது.

அப்புறம், பிரெஞ்சின் மூக்கொலி உயிர்கள். பலரும் பயப்படுவது இதற்குத்தான், பயப்படத் தேவையே இல்லை. 'அவன் வந்தான்' என்று வீட்டில் பேசுவதுபோலச் சொல்லிப் பாருங்கள். கடைசி 'ன்'னுக்கு நாக்கு மேலே போய்த் தொடுகிறதா? தொடாது. 'ஆ'வே மூக்கு வழியாகக் கசிந்து முடியும். 'மரம்' என்பதிலும் உதடு மூடாது. பிரெஞ்சுக்காரர் 'நல்லது' என்ற பொருளில் 'போன்' என்று சொல்லும்போது இப்படித்தான் 'ன்' வராமல் 'ஓ' மூக்கில் கரைகிறது. இந்த ஒலி தமிழ் வாயில் ஏற்கனவே இருக்கிறது. எழுத்தில் 'ன்', 'ம்' என்று இருப்பதால் நாம் கவனிப்பதில்லை. சொல்லும்போது மூக்கை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள், ஒலி சட்டென்று மாறும்.