தைராய்டு: கேடயமா, மிடறா?

"தைராய்டு 14 இருக்காம், ரொம்ப அதிகம்னு சொல்லிட்டாங்க" என்றார் அத்தை. கையில் ரத்தப் பரிசோதனைத் தாள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் தைராய்டு ஹார்மோன்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஏற்கெனவே அதிகமா இருக்கு, அதையே எதுக்கு இன்னும் உள்ள தள்ளணும்?" என்று நாற்பது நாளாக மாத்திரையை நிறுத்தி வைத்திருந்தார். முகம் ஊதியிருந்தது, குரல் கரகரத்தது. சித்திரை வெயிலில் ஃபேனை அணைக்கச் சொல்லிவிட்டுப் போர்வை கேட்டார்.

அத்தை கேட்டது நியாயமான கேள்வி. சுரப்பிக்கும், அதன் நோய்க்கும், சோதனையில் வரும் எண்ணுக்கும் 'தைராய்டு' என்ற ஒரே சொல்லை நாம் வைத்துக்கொண்டிருப்பதால் வந்த வினை இது. சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு என்பது போலத் தைராய்டு இருக்கு என்கிறோம். தைராய்டு எல்லோருக்கும்தான் இருக்கிறது. அது குறைவாகச் சுரக்கிறதா, அதிகமாகச் சுரக்கிறதா என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் 'தூரா' என்றால் கதவு. கதவு போல நீண்டு, ஆளையே மறைக்கும் பெரிய கேடயத்துக்கு அதிலிருந்து 'தூரியோஸ்' என்று பெயர் வந்தது. கேடயம் போன்றது என்ற பொருளில் அந்தப் பெயரை முதலில் பெற்றது குரல்வளையின் முன்பக்கக் குருத்தெலும்பு. ஆண்களுக்குக் கழுத்தில் துருத்திக்கொண்டு நிற்குமே, 'சங்கு' என்கிறோமே, அந்த இடம். 1656-இல் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர், அதை ஒட்டிக் கீழே இருக்கும் சுரப்பிக்கும் அதே பெயரை வைத்தார். அதன் வேலை என்னவென்று யாருக்கும் தெரியாத காலம். கழுத்துக்கு அழகான வளைவு கொடுப்பது அதன் பயன்களில் ஒன்று என்றுகூட அவர் கருதினார். ஆக, கேடயம் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர். சுரப்பியைப் பார்த்தால் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போலத்தான் இருக்கும்.

தமிழில் 'கேடயச் சுரப்பி' என்கிறோம். நேரான மொழிபெயர்ப்பு. கேடயமும் வடமொழிக் 'கேடக'த்திலிருந்து வந்ததுதான். பழந்தமிழில் கேடயத்துக்குத் தோல், கிடுகு, பரிசை என்ற சொற்கள் உண்டு. இவற்றில் கிடுகு எனக்குப் பிடித்த சொல். ஈழத்தில் கூரை வேயவும் வேலி அடைக்கவும் பின்னும் தென்னோலைக்கு இன்றும் அதுதான் பெயர். கிரேக்கத்தில் கதவிலிருந்து கேடயத்துக்குப் பெயர் போனது, தமிழில் வேலியடைக்கும் ஓலைக்கும் கேடயத்துக்கும் ஒரே பெயர். ஆனால் 'கிடுகுச் சுரப்பி' என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

என்னைக் கேட்டால் 'மிடற்றுச் சுரப்பி' என்பேன். சிறுநீரகத்தை அண்டி இருப்பதை அண்ணீரகம் என்று இடத்தை வைத்துச் சொல்கிறோம் அல்லவா, அதுபோல. மிடறு என்றால் கழுத்து, தொண்டை. புறநானூற்றில் ஔவையார் சிவனை 'நீலமணி மிடற்று ஒருவன்' என்கிறார். நாமோ இன்றும் 'ஒரு மிடறு தண்ணீர்' என்கிறோம். இந்தச் சுரப்பியைச் சோதிக்கும் மருத்துவர் செய்வதும் அதுதான். தம்ளரைக் கையில் கொடுத்து, தலையைச் சற்று உயர்த்தி ஒரு மிடறு விழுங்கச் சொல்வார். சுரப்பி குரல்வளையோடு ஒட்டியிருப்பதால் விழுங்கும்போது கூடவே மேலேறி இறங்கும். வீங்கியிருந்தால் அந்த நொடியில் கண்ணுக்குத் தெரியும். அந்த வீக்கத்துக்கு 'முன்கழுத்துக் கழலை' என்ற நல்ல பெயர் ஏற்கெனவே இருக்கிறது. இமயமலை அடிவாரத்தில் ஊர் ஊராகக் கழலை இருந்த காலம் உண்டு. மண்ணில் அயோடின் போதாததே காரணம். இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவ ஆய்வாளர் ராமலிங்கசாமியின் குழுவினர் உப்பில் அயோடின் சேர்த்துக் கொடுத்து, கழலை குறைவதைக் காட்டினார்கள்.

கழலை இல்லாமலும் கோளாறு வரும். சுரப்பு குறைந்தால் உடம்பே மெதுவாகிவிடும்: தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, கூடும் எடை, மலச்சிக்கல், வறண்ட தோல், முடி உதிர்தல், மறதி, மாதவிடாயில் அதிகப் போக்கு. 'வயசாயிடுச்சு', 'வேலை ஜாஸ்தி' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டே வருடங்கள் ஓடிவிடும். பெண்கள் விஷயத்தில் இது அதிகம் நடக்கிறது, அதுதான் எனக்கு ஆற்றாமை. மிகையானால் எல்லாம் தலைகீழ். நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பார்கள், நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும், வியர்த்துக் கொட்டும், சிலருக்குக் கண்கள் பிதுங்கும். கர்ப்பிணிகள் தள்ளிப்போடவே கூடாது. முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோன்தான் ஆதாரம்.

இப்போது அந்த 14-க்கு வருவோம். அது டிஎஸ்எச், அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன். அதைச் சுரப்பது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பி. வேலை நடக்காத இடத்தில் மேஸ்திரியின் குரல் உயருவது போல, தைராய்டு சோம்பினால் இந்த எண் ஏறும். பெரும்பாலான பரிசோதனைக் கூடங்கள் ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இயல்பு என்று அச்சிடுகின்றன. 14 என்பது மேஸ்திரி போடும் சத்தம். அத்தைக்கு இருந்தது தைராய்டு குறைசுரப்பு. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் மாத்திரை.

அப்புறம் அத்தை மருத்துவரை மறுபடி பார்த்தார், மாத்திரையைத் தொடங்கினார். விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு ஒன்று, காபி அரை மணி நேரம் கழித்துத்தான். கால்சியம் மாத்திரையை நான்கு மணி நேரம் தள்ளி வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் யாரோ தைராய்டு இருக்கிறது என்று சொன்னபோது, அத்தை கேட்டார்: "கம்மியா, ஜாஸ்தியா?"