கேல்4 எந்தெந்த ஜீனை ஆன் பண்ணுதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

ஈஸ்ட் செல்லுல சுமார் 6000 ஜீன் இருக்கு, அதுல ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர், அதாவது ஜீன்களை ஆன், ஆஃப் பண்ற புரதம், எதையெல்லாம் கையில வச்சிருக்குன்னு தேடணும். கேல்4-ஐ எடுத்துக்கலாம், கேலக்டோஸ் சர்க்கரை கிடைச்சா அதை சாப்பிடத் தேவையான ஜீன்களை ஆன் பண்ற புரதம் இது.

இது டிஎன்ஏல உக்கார்ற இடம் நமக்குத் தெரியும், சி-ஜி-ஜி, நடுவுல எதுவா இருந்தாலும் பரவால்ல 11 எழுத்து, அப்புறம் சி-சி-ஜி. அப்போ கம்ப்யூட்டர்ல தேடினா முடிஞ்சதேன்னு தோணும், ஆனா நிலையான எழுத்து வெறும் ஆறுதான், 1 கோடியே 20 லட்சம் எழுத்துள்ள ஜீனோம்ல, அதாவது ஈஸ்டோட மொத்த டிஎன்ஏல, தற்செயலாவே இது நூத்துக்கணக்கான இடத்துல வந்துடும். நிஜமா அது உக்கார்றது ரொம்பக் கொஞ்ச இடத்துலதான்.

அதனால உயிரோட இருக்குற செல்லுலயே ஃபார்மால்டிஹைடுங்கிற ரசாயனத்தை ஊத்தி புரதத்தை டிஎன்ஏவோட அப்படியே ஒட்ட வச்சிடுவாங்க, அப்புறம் செல்லை உடைச்சு டிஎன்ஏவை துண்டு துண்டாக்கி, கேல்4-ஐ மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடிங்கிற இன்னொரு புரதத்தைப் போட்டு இழுத்தா அதோட ஒட்டின துண்டுங்களும் சேர்ந்து வரும். சூடு பண்ணி ஒட்டினதைப் பிரிச்சு, எந்தத் துண்டு அதிகமா வந்திருக்குன்னு, ஆன்டிபாடி போடாத டிஎன்ஏவோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. 2000-ல மைக்ரோஅரே வச்சு, அதாவது ஆயிரக்கணக்கான டிஎன்ஏ துண்டை புள்ளி புள்ளியா ஒட்டின கண்ணாடித் தகடை வச்சு பார்த்தாங்க, இப்பல்லாம் டிஎன்ஏ எழுத்துகளை நேரடியாப் படிக்கிற சீக்வென்சிங்தான்.

ஆனா உக்காந்துட்டா வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்ல, இங்கதான் நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. கேலக்டோஸ் இல்லாதப்பவும் கேல்4 சில ஜீன் பக்கத்துல உக்காந்துதான் இருக்கும், கேல்80-ன்னு இன்னொரு புரதம் அதை வேலை செய்ய விடாம பிடிச்சு வச்சிருக்கும். சரி, கேல்4-ஐ நீக்கிட்டு எந்த ஜீனோட ஆர்என்ஏ (ஜீன் ஆன் ஆனா உருவாகுற நகல்) குறையுதுன்னு மட்டும் பார்த்தா? கேலக்டோஸ் சாப்பிட முடியாத செல் திண்டாடும், அந்தத் திண்டாட்டத்துலயே சம்பந்தமில்லாத ஜீன்லாம் மாறும். கேல்4 உக்கார்ற ஜீன், ஆர்என்ஏ மாறுற ஜீன், இந்த ரெண்டு லிஸ்ட்லயும் வர்ற ஜீனைத்தான் நம்பணும்.

2000-ல கேல்4 உக்கார்ற இடத்தையும், கேலக்டோஸ் கொடுத்தா எந்த ஜீனோட ஆர்என்ஏ கூடுதுன்னும் சேர்த்துப் பார்த்தப்போ மொத்தம் 10 ஜீன்தான் வந்துச்சு. ஏழு ஏற்கனவே தெரிஞ்சது, மூணு புதுசு. அந்த மூணுல ஒண்ணு ஃபர்4, ஆர்என்ஏ எழுத்துகள்ல ஒண்ணான யுராசிலை செல்லுக்குள்ள கொண்டு வர்ற புரதத்தோட ஜீன். கேலக்டோஸுக்கும் யுராசிலுக்கும் என்னடா சம்பந்தம்னு முதல்ல குழம்பும், ஆனா செல் கேலக்டோஸை உடைக்கிற வழியில அதை யுடிபி-ங்கிற சின்ன மூலக்கூறோட சேர்த்துதான் மாத்துது, அந்த யுடிபி-யோட ஒரு பகுதியே யுராசில்தான்.

எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச இடம், ஏன்னா கேலக்டோஸ் ஜீன்னு பேர் வச்சதை மட்டும் சுத்தியே தேடியிருந்தா ஃபர்4 பக்கம் யாரும் திரும்பிக்கூட பார்த்திருக்க மாட்டாங்க.