கடைசிக் கை விலகும்வரை காத்திருக்கும் கம்பி

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரில் நான் பணிபுரியும் சோதனைக்கூடத்தில் ஒரு வோல்ட்மீட்டரும், ஒரு பழைய அச்சுப்பொறியும், ஒரு கணினியும் 24 முனைகள் கொண்ட ஒரே கேபிளில் இணைந்திருக்கின்றன. ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் உருவாக்கி, 1975இல் ஐஇஇஇ 488 என்ற தரமாக ஏற்கப்பட்ட இந்தக் கருவிப் பாட்டையில், அதாவது கருவிகள் பகிர்ந்துகொள்ளும் பொதுக் கம்பித்தொகுதியில், தரவுக்கு எட்டுக் கம்பிகள், மேலாண்மைக்கு ஐந்து, அனுப்பியது போய்ச்சேர்ந்ததை உறுதிசெய்யும் கைகுலுக்கலுக்கு மூன்று உள்ளன. என் கருத்தில் இதன் உயிர் அந்த மூன்றில்தான் இருக்கிறது.

யார் பேசுவது, யார் கேட்பது என்பதைக் கணினி முதலில் முடிவுசெய்கிறது. மேலாண்மைக் கம்பிகளில் ஒன்றான ஏடிஎன்னின் மின்னழுத்தத்தை அது தாழ்த்தியிருக்கும்வரை தரவுக் கம்பிகளில் வருபவை அனைத்தும் கட்டளைகளே. அப்போது அனுப்பப்படும் 69 என்ற எண், அதாவது 64உடன் 5, ஐந்தாம் முகவரியிலுள்ள வோல்ட்மீட்டரைப் பேச வைக்கும். 36, அதாவது 32உடன் 4, நான்காம் முகவரியிலுள்ள அச்சுப்பொறியைக் கேட்க வைக்கும்.

மூன்று கம்பிகளில் ஆறாம் முனையிலுள்ள டிஏவி, 'தரவு செல்லுபடியாகும்' என்று பேசும் கருவி சொல்வது. ஏழாம் முனையின் பொருள் 'இன்னும் தயாராகவில்லை'. எட்டாம் முனையின் பொருள் 'இன்னும் பெறவில்லை'. பின்னிரண்டும் எதிர்மறையில் பெயர்பெற்றதற்குக் காரணம் உண்டு. மின்தடையங்கள் (ரெசிஸ்டர்கள்) இக்கம்பிகளை மேல்மட்டத்தில் வைத்திருக்க, எந்தக் கருவியும் அவற்றைத் தரைமட்டத்துக்கு இழுக்கலாம், ஆனால் எதுவும் மேலே தள்ள முடியாது. ஆகவே பலர் அழுத்திப் பிடித்த கயிற்றைப்போல, கடைசிக் கருவியும் விட்டபிறகே கம்பி உயர்கிறது.

அளவு 12.47 என்றால் முதலில் '1' என்ற எழுத்துக்குரிய எட்டு பிட்டுகளை வோல்ட்மீட்டர் தரவுக் கம்பிகளில் வைத்து, அவை நிலைபெறச் சற்றுப் பொறுத்து, ஏழாம் முனை உயர்ந்திருப்பதைக் கண்டபின் டிஏவியைத் தாழ்த்துகிறது. கேட்கும் கருவிகள் உடனே ஏழாம் முனையைத் தாழ்த்தி, எழுத்தைப் பெற்றுக்கொண்டதும் ஒவ்வொன்றாக எட்டாம் முனையை விடுகின்றன. அது முழுதும் உயர்ந்தால் எல்லாரும் பெற்றுவிட்டனர் என்று பொருள். வோல்ட்மீட்டர் டிஏவியை விடுகிறது, கேட்பவை எட்டாம் முனையை மீண்டும் தாழ்த்துகின்றன, அடுத்த எழுத்து தொடங்குகிறது. பொதுவான கடிகாரத் துடிப்பு எங்கும் இல்லை; மிக மெதுவான கருவியே வேகத்தை நிர்ணயிக்கிறது, ஓர் எழுத்தும் தவறுவதில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு: கம்பியைப் பிடித்திருப்பது யார் என்பதைக் கம்பி காட்டாது. ஒருமுறை அளவீடு பாதியில் நின்றபோது மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். டிஏவி உயர்ந்திருந்தது, ஏழாம் முனை மட்டும் 0.8 வோல்ட்டுக்கும் கீழே கிடந்தது. அப்படியானால் கேட்பவற்றில் ஒன்று தயாராகவில்லை. அச்சுப்பொறியைத் திறந்தேன், காகிதம் தீர்ந்திருந்தது. புதிய சுருளை வைத்த கணத்தில் முனை உயர்ந்தது. விட்ட இடத்திலிருந்து '4'ம் '7'ம் அச்சாயின.